முப்பத்தாறு பவுண்டு

நடுங்குவது வில்தான், கை இல்லை. இளம்பரிதி இதைத் தனக்குள் சொல்லிக்கொண்டே நாணை இழுத்தார். இழுத்த கை தாடைக்கு அடியில் வந்து நின்றது, நிற்க வேண்டிய இடத்தில், போன வாரம் பர்வீன் தொட்டுக் காட்டிய அதே எலும்பில். எதிரே வைக்கோல் பலகை, அதில் ஒட்டிய காகிதத்தில் வெள்ளை, கறுப்பு, நீலம், சிவப்பு என்று வட்டத்துக்குள் வட்டம், எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு சாசர் அளவு மஞ்சள். அம்பின் நுனி மெதுவாக ஏறி மஞ்சளுக்குப் போய்ச் சேர்ந்தது. சேர்ந்து, நின்றது. அந்த நிற்கிற நேரம் இருக்கிறதே, அதற்காகத்தான் மனுஷன் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தலைமுழுகிவிட்டு திருச்சியிலிருந்து இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறார். மூச்சு நின்றது, ஓரத்துப் புங்கமரத்தில் கத்திக்கொண்டிருந்த குருவி நின்றது, நாற்பத்தெட்டு வயதும் நின்றது. விடு, இப்போதே விடு என்றது வலது கை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் நேராகட்டும் என்றது கண். இவர்கள் இருவர் பஞ்சாயத்து முடிவதற்குள் நுனி கிளம்பிவிட்டது. முதலில் ஒரு சந்தேகம் போல. பிறகு மேலும் கீழும், மேலும் கீழும், ஒரே தாளத்தில். மஞ்சளைத் தாண்டிப் போனது, திரும்பி வந்தது, மறுபடி தாண்டியது, ஆள் நிற்பது தெரிந்தும் நிற்காமல் போகிற டவுன் பஸ் மாதிரி. பொறுக்க முடியாமல் விட்டுவிட்டார். அம்பு கறுப்பில், கீழே இடது பக்கமாகப் போய்க் குத்தியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற பர்வீன் வாயைத் திறப்பதற்காகக் காத்திருந்தார். “பவுண்டு ஜாஸ்தி டாக்டர்,” என்றாள் பர்வீன், “உங்க தோளுக்கு இந்த வில்லு ரொம்பக் கனம். அதான் கை ஆடுது.” அப்பாடா என்று இருந்தது. வாராவாரம் தன் குறையை ஒருத்தி சத்தமாகச் சொல்ல, அதைக் கேட்டு வயிற்றில் பால் வார்த்தது போல் நிற்கிற மாணவன் அந்த மைதானத்தில் அவர் ஒருவர்தான். கனம்தான். வேறொன்றும் இல்லை.

வில் வாங்கிய கதையை அவர் மனைவி எழிலரசி யாரிடம் சொன்னாலும் சிரிக்காமல் முடிப்பதில்லை. “நாப்பத்தெட்டு வயசுல சில பேரு தலைக்கு டை அடிப்பாங்க, சில பேரு புல்லட்டு வாங்குவாங்க, எங்க வீட்டுக்காரரு வில்லு வாங்கியிருக்காரு,” என்பாள். கேட்கிறவர்கள் பல் டாக்டருக்கு வில் எதற்கு, தூரத்திலிருந்தே பல்லைப் பிடுங்கவா என்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். கடைக்காரன் போனில் படித்துப் படித்துச் சொன்னான்: “சார், புதுசா கத்துக்கிறவங்களுக்கு இருபது பவுண்டுக்கு மேல நாங்க தர்றதில்ல.” நாணை முழுக்க இழுக்க எவ்வளவு பலம் வேண்டுமோ அதுதான் பவுண்டுக் கணக்கு. “எனக்கு முப்பத்தாறு போடுங்க,” என்றார் இவர். “தோள் போயிடும் சார்.” “போனா பரவால்ல, போடுங்க.” பெட்டி வந்து இறங்கி, பிரித்து, பர்வீன் அதில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். “ஆம்பளைங்க அத்தன பேரும் இதே தப்பத்தான் டாக்டர் பண்றீங்க. மொத வில்லே பீமனுக்கு வாங்குற மாதிரி வாங்கிட்டு வந்து நிப்பீங்க.” ஆம்பிளைகள் அத்தனை பேரும் என்ற அந்தக் கும்பலில் போய் ஒண்டிக்கொள்வதில் அவருக்கு அப்படி ஒரு சுகம் இருந்தது. வீராப்பு. வெறும் வீராப்பு. ஆனால் சில நாள் காலையில் பல் தேய்க்கும்போது, வாயில் நுரையோடு கண்ணாடியைப் பார்க்கும்போது, ஒரு கேள்வி வந்து பக்கத்தில் நிற்கும்: அந்தப் போன் பேசும்போது உன் இடது கை எங்கே இருந்தது? தொடைக்கு அடியில் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து, அதன் மேல் தன் எடையை வைத்து அமுக்கிக்கொண்டுதான் முப்பத்தாறு என்று சொன்னார். கையை ஒளிக்க இடம் தேடிக்கொண்டிருந்தவனுக்கு முப்பத்தாறு பவுண்டு ஒரு நல்ல இடம், அதற்குப் பின்னால் யானையைக்கூட நிறுத்தலாம். சே, அப்படியெல்லாம் இல்லை. வீராப்புதான். வாயைக் கொப்பளித்துத் துப்பினால் கேள்வியும் போய்விடும், மறுநாள் காலை வரைக்கும்.

இங்கே வந்து சேர்ந்ததற்கும் ஒரு கை காரணம். விளையாட்டு விடுதிப் பெண்களுக்குப் பல் முகாம் நடத்த வந்தவர், மதியம் சாப்பிட்டுவிட்டு மைதானத்துப் பக்கம் வந்தபோது பர்வீன் வில் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும், விடுதிப் பெண்களுக்கு அவள்தான் பயிற்சியாளர். மேல் வரிசையில் கோரைப்பல் கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கும், கிளிப் போட்டால் ஒன்றரை வருஷத்தில் சரியாகிவிடும் என்று அவருக்கு முதலில் தோன்றியது, யாரைப் பார்த்தாலும் முதலில் தோன்றுவது அதுதான். பிறகுதான் அவளுடைய இடது கையைப் பார்த்தார். நீட்டிய கை. நீட்டி, வில்லைத் தாங்கி, அப்படியே இருந்தது. அந்தக் கைக்குத் தான் ஒரு கை என்பதே நினைவில்லை போல் இருந்தது. இளம்பரிதிக்கு அழுகை வந்தது, வெயில் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொறாமை, அப்பட்டமான பொறாமை. பழகினால் வரும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தார். பழக்கத்தில் வராதது எது, தினமும் பழகினால் எந்தக் கையும் அப்படி நிற்கும், நின்றுவிட்டால் அப்புறம் எந்தப் பயமும் இல்லை. வந்த புதிதில் அவர் விட்ட அம்பு பலகையைத் தாண்டி மண்மேட்டில் சொருகும், சில நாள் மண்மேட்டையும் தாண்டும். பர்வீன் ஒவ்வொன்றாகத் திருத்தினாள். காலை அகட்டி நில்லுங்க என்றாள், நின்றார், அம்பு பலகைக்குள் வந்தது. தலையைச் சாய்க்காதீங்க, நாண்தான் மூஞ்சிக்கு வரணும், மூஞ்சி நாணுக்குப் போகக் கூடாது என்றாள், அம்பு வட்டத்துக்குள் வந்தது. வில்லைக் குரங்குப்பிடி பிடிக்காதீங்க, உள்ளங்கையில அது சும்மா சாஞ்சிருந்தாப் போதும் என்றாள். அன்றைக்குத்தான் அவருக்கு முதல் தடவையாக வியர்த்தது. இறுக்கிப் பிடித்திருந்தவரை ஆட்டம் தெரியவில்லை, பிடியைத் தளர்த்தியதும் தெரிந்தது. நல்ல மாணவர், சொன்னதை அப்படியே செய்கிறவர், தப்புகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. நிற்பது சரி, இழுப்பது சரி, விடுவது சரி. ஒவ்வொரு தப்பு போகும்போதும் ஒரு சாக்கும் கூடவே போகிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். முன்பு குறி தப்புவதற்கு ஆயிரம் காரணம் இருந்தது, இப்போது ஒன்றே ஒன்றுதான் மிச்சம், அதுவும் பவுண்டுக் கணக்கில் மிச்சம். கடவுள் நம்பிக்கை இல்லாத மனுஷன், அந்தப் பவுண்டைக் கும்பிடாத குறையாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

விசில் ஊதியது, அம்புகளை எடுத்துவர நடந்தார். நடக்கும்போது வலது கை வீசியது. இடது கை வீசவில்லை, அதில் வில் இருந்ததே, எப்படி வீசும். ஆனால் வில் இல்லாத நாள்களில்? மாடிப்படி இறங்கும்போது, கடைத்தெருவில், இடது கை உடம்போடு ஒட்டிக்கொண்டு ஒரு பையைப் போலத் தொங்கியபடி வருவதை ஒரு துணிக்கடைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு அன்றிலிருந்து கண்ணாடி வைத்த கடைப் பக்கம் நடப்பதை விட்டுவிட்டார். யோசிக்காதே. அம்பைப் பிடுங்கு. பல்லைப் பிடுங்குகிற மாதிரிதான் இதுவும், ஆட்டாமல் நேராக இழுக்க வேண்டும். ஆட்டாமல். கிளினிக்கில் இடது கைக்குச் சின்ன வேலை, ஒரு குட்டிக் கண்ணாடியை நோயாளியின் வாய்க்குள் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான், சுழல்கிற டிரில் எல்லாம் வலது கைக்கு. அந்தக் கண்ணாடிதான் முதலில் காட்டிக்கொடுத்தது. வாயைப் பிளந்து படுத்திருந்த ஒரு பெரியவர், கண்ணாடி பல்லில் பட்டு டிக் டிக் டிக் என்று சத்தம் கேட்டதும், கையால் சைகை காட்டி நிறுத்தச் சொல்லி, எச்சிலைத் துப்பிவிட்டு, “டாக்டர், ஏசியக் கொறைங்க, உங்களுக்கே குளிருது பாருங்க,” என்றார். எவ்வளவு நல்ல மனுஷன். குளிர்தான். ஏசியைக் குறைத்தார், பிறகு அணைத்தார், பிறகு அந்தக் கோடையில் நோயாளியும் அவரும் வேர்த்து ஒழுகிக்கொண்டிருக்க கண்ணாடி டிக் டிக் என்றது. கடைவாய்ப்பல் பிடுங்குவதையெல்லாம் இப்போது வேறொரு டாக்டருக்கு அனுப்பிவிடுகிறார், கேட்டால் முதுகுவலி என்கிறார். கிராம்புத் தைலம் இன்னொரு வயிற்றெரிச்சல். பல் ஆஸ்பத்திரி என்றால் அந்த வாசனைதான், கதவைத் திறந்தாலே மூக்கில் ஏறும், அவருக்கு மட்டும் ஏறவில்லை. கலப்படம் என்று கம்பெனி ஆளைக் கூப்பிட்டுச் சண்டை பிடித்தார். அந்த ஆள் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்து, தும்மி, பாவமாக அவரைப் பார்த்துவிட்டு வேறு பாட்டில் கொடுத்துப் போனான். அதிலும் வாசனை இல்லை. இருபத்து மூன்று வருஷம் முகமூடி போட்டால் மூக்கு செத்துத்தான் போகும் என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். மூக்கு போவது எதற்கு முன்னறிவிப்பு என்று கல்லூரியில் படித்திருக்கிறார், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறார். படித்த படிப்பை மறக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். கறுப்பில் குத்தியிருந்த அம்பைப் பிடுங்கினார், வைக்கோல் கொஞ்சம் கூடவே வந்தது.

அப்பாவுக்கு எழுத்தில்தான் தொடங்கியது. புலவர் வேலாயுதம் என்றால் அந்த வட்டாரத்தில் தமிழய்யா, கரும்பலகையில் அவர் எழுதினால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவனுக்கும் தெரியும், ஒவ்வோர் எழுத்தும் ஒரு சாண். அந்த எழுத்து ஒரு வருஷம் கொஞ்சம் சிறுத்தது. அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம். வரி தொடங்கும்போது பெரிதாக இருக்கும், முடியும்போது எறும்பு ஊர்வது போல் போய் மறையும். தலைமையாசிரியர் சாக்பீஸை மிச்சம் பிடிக்கிறீர்களா புலவரே என்று கேலி செய்தார், வீட்டில் எல்லோரும் மூக்குக்கண்ணாடியை மாற்றச் சொன்னார்கள், அப்பா சிரித்தார். பிறகு அந்த இடது கை. மடியில் வைத்தால் பெருவிரலும் சுட்டுவிரலும் இல்லாத ஒரு மிளகை உருட்டிக்கொண்டே இருக்கும். அதற்குப் பார்க்கின்சன் என்று பெயர் என நரம்பு டாக்டர் சொன்ன நாளில், அப்பா கேட்ட ஒரே கேள்வி, “இதுக்குத் தமிழ்ல என்னங்க?” என்பதுதான். டாக்டர் யோசித்துவிட்டு நடுக்குவாதம் என்றார். அப்பா திருப்தியாகத் தலையாட்டினார், என்னமோ அதோடு காரியம் முடிந்த மாதிரி. அதன் பிறகு எட்டு வருஷம். சட்டைப் பித்தான், வேட்டி, பேச்சு, சிரிப்பு என்று ஒவ்வொன்றாகக் கழன்றன, கடைசியில் முகம் ஒரு மூடிய கடை போல் ஆனது. அவரைப் பார்த்துக்கொண்டது எழில்தான். குளிப்பாட்டினாள், ஊட்டினாள், சிந்தினால் துடைத்தாள், ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. இளம்பரிதி கிளினிக் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது என்று ஓடிக்கொண்டிருந்தார். கூட்டம் இல்லாத நாளிலும் ஓடினார். அப்பாவின் அறை வாசலில் நின்று “சாப்பிட்டாரா?” என்று கேட்பார், பதில் வருவதற்குள் நகர்ந்துவிடுவார். பரம்பரையாக வருகிற வியாதியா என்று யாரோ கேட்டதற்கு, பெரும்பாலும் இல்லை என்று அவரே டாக்டராக அடித்துச் சொன்னார். பெரும்பாலும். அந்த ஒரு சொல்லின் மேல் கால் வைத்துத்தான் நின்றுகொண்டிருக்கிறார். இன்றைக்கு எழில் அதிசயமாக மைதானத்துக்கு வந்திருந்தாள், அவள் தங்கை லால்குடியில் வீடு கட்டியிருக்கிறாள், இங்கிருந்து நேராகப் புதுமனை புகுவிழாவுக்குப் போக வேண்டும். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு புங்கமரத்தடி சிமெண்டு பெஞ்சில் பிளாஸ்கும் பையுமாக உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், இந்தப் பக்கம் பார்க்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

அவர் அம்பு விடும் கோட்டுக்குத் திரும்பியபோது பர்வீன் ஒரு துணிப்பையோடு நின்றாள். “டாக்டர், இன்னைக்கு ஒரு வேலை பண்ணலாம். எங்க பொண்ணுங்க பழகுற லிம்ப்ஸ் கொண்டாந்திருக்கேன், பதினாறு பவுண்டுதான். உங்க வில்லுல மாட்டிப் பாப்போம்.” வில்லின் நடுப்பிடியை அப்படியே வைத்துக்கொண்டு மேலும் கீழும் இருக்கிற இரண்டு வளைவுகளை மட்டும் கழற்றி மாற்றலாம், பலம் எல்லாம் அந்த வளைவுகளில்தான், அவற்றைத்தான் லிம்ப்ஸ் என்கிறார்கள். இளம்பரிதி வில்லைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார். “வேணாம்மா, இதுவே பழகிட்டு வருது,” என்றார். “எங்க பழகுது, கறுப்பு வட்டத்தையே சுத்திச் சுத்தி வர்றீங்க.” “இன்னைக்கு விசேஷத்துக்கு வேற போகணும், நேரமாயிடும். அடுத்த வாரம் பாத்துக்கலாமே.” “அஞ்சு நிமிஷ வேலை டாக்டர்.” “இல்ல, இப்பக் கொஞ்சம் பரவால்ல மாதிரிதான் இருக்கு,” என்று சொல்லி முடிக்கும்போதே அந்தக் குரல் யாருடையது என்று தெரிந்துவிட்டது. ராத்திரியெல்லாம் பல்வலியில் துடித்துவிட்டு, கிளினிக் வாசற்படி ஏறியதும் வலி போயிடுச்சு டாக்டர், அடுத்த வாரம் வர்றேனே என்கிற நோயாளியின் குரல். எத்தனை பேரை இதற்காகக் கிண்டல் செய்திருக்கிறார். படுத்தால் தெரிந்துவிடும் என்பதால் நாற்காலியில் ஏற மாட்டார்கள். பர்வீன் கேட்பதாக இல்லை, வில்லை வாங்கித் தரையில் காலோடு அணைத்துத் திருகுகளைத் தளர்த்தத் தொடங்கினாள். முப்பத்தாறு பவுண்டும் இரண்டு பலகைத் துண்டுகளாகக் கழன்று புல்லில் விழுந்தன. அவ்வளவு சின்னதா அது. அவற்றைப் பார்க்கும்போது வீட்டுக் கதவை யாரோ நிலையோடு பெயர்த்து எடுத்துக்கொண்டு போவது போல் இருந்தது. ஓடிவிடலாம். வயிறு சரியில்லை என்று சொல்லலாம். எழில் கூப்பிடுகிறாள் என்று சொல்லலாம், கூப்பிடு எழில், ஒரு தடவை கூப்பிடேன். அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாறு பவுண்டை ஆறாம் வகுப்புப் பெண் இழுக்கிறாள். பதினாறிலும் ஆடினால்? ஆடினால் அதற்கு என்ன பெயர் வைப்பது, யாரைக் குற்றம் சொல்வது, ஏசியையா, கடைக்காரனையா? ஆடாது. ஏன் ஆட வேண்டும், கனம்தானே காரணம். கனம் போனால் ஆட்டமும் போகும், அப்படித்தானே அந்தப் பெண் வாராவாரம் சொன்னாள். ஆனால் அவளுக்கு என்ன தெரியும். அவளுக்குத் தோள் தெரியும், முழங்கை தெரியும். கண்ணாடி பல்லில் டிக் டிக் என்று பட்டது அவளுக்குத் தெரியாது. ஒரு கண்ணாடிக்கு எத்தனை பவுண்டு?

“இந்தாங்க,” என்று பர்வீன் நீட்டினாள். வில் லேசாக இருந்தது, வெறுங்கை மாதிரி. அம்பைப் பொருத்தினார், காலை அகட்டினார், இழுத்தார். நாண் கேட்ட இடத்துக்கு வந்தது. நுனி மஞ்சளுக்குப் போனது, நின்றது, நிற்கும்போதே விட்டுவிட்டார். டப் என்று ஒரு சத்தம். “டாக்டர்!” என்று பர்வீன் கத்தினாள். மஞ்சள். ஓரமாக இல்லை, நட்ட நடுவில் இல்லாவிட்டாலும் நடுவுக்குப் பக்கத்தில், அம்பின் பின்பக்க இறகு வெயிலில் தெரிந்தது. மரத்தடியிலிருந்து எழில் கைதட்டுவது கேட்டது, வளையல் சத்தத்தோடு. அடுத்ததையும் யோசிக்காமல் விட்டார், சிவப்பு. அதற்கடுத்தது மறுபடி மஞ்சள். அடக் கடவுளே என்று இல்லாத கடவுளைக் கூப்பிட்டுவிட்டார். கனம்தான், சத்தியமாகக் கனம்தான். எவ்வளவு முட்டாள், எத்தனை மாதம் பாழ். மனம் ஒரே ஓட்டமாக ஓடியது. நாளைக்கு ஏசியைப் போடச் சொல்ல வேண்டும், அந்தக் கம்பெனி ஆளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும், கடைவாய்ப்பல் கேஸ் ஒன்றையும் இனி வெளியே அனுப்பக் கூடாது. எழிலிடம் இதைச் சொல்லிச் சிரிக்க வேண்டும், இத்தனை நாள் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா என்று. சொன்னால் அவள் அடிப்பாள், அடிக்கட்டும். லால்குடியில் பந்தியில் உட்கார்ந்து இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடிக்க வேண்டும். உலகத்தில் இருக்கிற எல்லோருடைய பல்லும் அழகாக இருந்தது, பர்வீனின் கோரைப்பல் உட்பட. “இது பத்தாது டாக்டர்,” என்றாள் பர்வீன், அவளுக்கும் குஷி. “நீங்க அவசரமா விட்டுடறீங்க. குறி பழகணும்னா ஒரு தடவ போய்ப் படுறது இல்ல, நிதானமா நின்னு படணும். இப்ப மஞ்சள்ல வெச்சு அப்படியே நிறுத்துங்க. நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க.” சரி என்றார். அந்த நேரம் எதைச் சொல்லியிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்.

இழுத்தார். நுனி மஞ்சளில் போய் நின்றது. “அப்படியே,” என்றாள் பர்வீன். நின்றது. நீட்டிய இடது கை அவருக்கு முன்னால் தெரிந்தது, தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே கோடு, அன்றைக்குப் பர்வீனிடம் பார்த்து அழுத அதே கை இப்போது தன்னுடையதாக. இன்னும் நின்றது. “நல்லா இருக்கு, இன்னும், இன்னும்.” பெருவிரலின் அடியில் எதுவோ ஒன்று விழித்துக்கொண்டது. வலி இல்லை, களைப்பு இல்லை, தோள் சும்மா இருந்தது, முழங்கை சும்மா இருந்தது, ஒரு குடையின் கனம்கூட இல்லாத வில் உள்ளங்கையில் சாய்ந்திருந்தது. பெருவிரல் மட்டும் அசைந்தது. பிறகு சுட்டுவிரல். பிறகு இரண்டும் சேர்ந்து, அவசரமில்லாமல், ஒரே தாளத்தில், இத்தனை நாள் வெளியே காத்திருந்துவிட்டுத் தன் வீட்டுக்கே வந்துவிட்டது போல, உருட்டத் தொடங்கின. நுனி மேலும் கீழும் போனது. அவர் மஞ்சளைப் பார்க்கவில்லை, விரல்களைப் பார்த்தார். பயமாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தார், பயம் வரவில்லை. ரொம்பத் தெரிந்த கை அது. கண்ணை மூடிக்கொண்டு சொல்வார், மடியில் வேட்டி மேல் கிடந்த கை, தான் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு நகர்ந்துபோன கை. நிறுத்து என்று அதற்குச் சொன்னார், அது கேட்கவில்லை. அப்பாவும் எத்தனை தடவை சொல்லிப் பார்த்திருப்பாரோ. “விடுங்க டாக்டர்,” என்றாள் பர்வீன். விட முடியவில்லை. “விடுங்க!” வலது கையை மெதுவாக முன்னால் கொண்டுபோய், அம்பை எய்யாமலே நாணைத் தளர்த்தினார். பர்வீனின் முகத்தில் முதல் முறையாகக் குழப்பம். அதை அவள் உடனே துடைத்துக்கொண்டு, நல்ல பெண், ரொம்ப நல்ல பெண், “காலைல ஒண்ணும் சாப்பிடலையா டாக்டர்?” என்று கேட்டாள். “சுகர் எறங்கியிருக்கும். வெறும் வயித்துல நின்னா எனக்கே ஆடும்.” அவர் வயிறு நிறைய இட்லி தின்றுவிட்டு வந்திருந்தார். “ஆமாம்மா,” என்றார், “சாப்பிடல.” “அதான் பாருங்க. ஒண்ணுமில்ல.” சர்க்கரை. இது புதுசு, இது இன்னும் யாரும் தொடாதது. சர்க்கரையை வைத்துக்கொண்டு ரத்தம் சோதிக்கலாம், மாத்திரை மாற்றலாம், சாப்பிடுகிற நேரத்தை மாற்றலாம், அப்படியே ஒரு வருஷம் ஓட்டலாம். சாக்குக்கு உலகத்தில் பஞ்சமே இல்லை, கேட்டால் ஆளாளுக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மரத்தடிக்கு நடந்தார்.

“மஞ்சள்ல பட்டுச்சுல்ல? நான் பாத்தேன்,” என்றாள் எழில். “வெறும் வயித்துல நிக்கக் கூடாதாம், சுகர் எறங்குதாம்,” என்றார் அவர். எழில், இட்லி வைத்தவள், சட்னி வைத்தவள், இன்னொன்று வேண்டாம் என்று அவர் கையை நீட்டித் தடுத்ததைப் பார்த்தவள், “அப்படியா,” என்று மட்டும் சொன்னாள். பிளாஸ்கைத் திறந்து டம்ளரில் காபி ஊற்றினாள். பாதி ஊற்றிவிட்டு நிறுத்தி மூடியைத் திருகினாள். அவர் டம்ளரைப் பார்த்தார். “இன்னும் ஊத்தேன்,” என்றார். “இதக் குடிங்க, குடிச்சிட்டு வாங்கிக்கலாம்,” என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். அந்த வாக்கியம் மட்டும் அப்படியே காற்றில் நின்றது. எட்டு வருஷம் அப்பாவின் அறைக்குள்ளிருந்து அது வந்துகொண்டிருந்தது, காலையிலும் மாலையிலும், இதக் குடிங்க மாமா, குடிச்சிட்டு வாங்கிக்கலாம். நிறைய ஊற்றினால் அப்பா மேலெல்லாம் கொட்டிக்கொள்வார், அதனால் எழில் எப்போதும் பாதிதான் ஊற்றுவாள், குடித்ததும் மீதிப் பாதி. இன்று காலை வீட்டில் என்ன கொடுத்தாள்? பாதி. நேற்று? பாதிதான், இரண்டு தடவை. பொங்கலன்று, எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, மற்றவர்களுக்கெல்லாம் தளும்பத் தளும்ப, தனக்கு? தீபாவளிக்கு? அவர் இன்னும் பின்னால் போனார், வில் வாங்கியதற்கு முன்னால், பெரியவர் ஏசியைக் குறைக்கச் சொன்னதற்கு முன்னால், தான் எதையும் கவனிப்பதற்கு முன்னால். தன் வீட்டில் முழு டம்ளர் காபியைக் கடைசியாக எப்போது குடித்தோம் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. எழில் அவர் கையைப் பார்க்கவில்லை. பையை எடுத்துக்கொண்டாள், புடவை மடிப்பைச் சரிசெய்தாள், சாலையைப் பார்த்தாள். “வண்டிய நான் எடுக்கிறேன்,” என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். அவர் சாவியைக் கொடுத்தார்.